காவலும் கணக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் அமைந்துள்ளன. ஒன்று இராசபாளையம், மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் என வழங்கும் திருவில்லிபுத்தூர். இராசபாளையம் என்றவுடன் நூற்பாலைகள் நினைவுக்கு வரும். மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் துணி நினைவுக்கு வரும். ஆயினும் வெளியூராருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவ்வூர் நாயே ஆகும். வெண்ணிற மேனியும், இளஞ்சிவப்பு மூக்கும், நீண்ட கால்களும் உடைய அந்நாய் காவலுக்குப் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதன் உருவத்தை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. அந்நாயை வளர்ப்போர் ஓர் உண்மையை நன்கு அறிவர். பழக்கி வளர்த்த காவல் நாய் வீட்டாருக்கு அரண். பழக்காமல் விட்டாலோ அதுவே வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து.

திருவில்லிபுத்தூரின் பெருமை வேறு வகையானது. ஆண்டாள் பிறந்த அவ்வூரில் வடபத்திரசாயி கோயிலின் கோபுரம் பதினொரு நிலைகளோடு, நூற்றுத் தொண்ணூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் விளங்கும் கோபுரம் இதுவே என்பது பரவலான கருத்து. மதுரைக் கோபுரத்தைப் பார்த்தே அது வரையப்பட்டது என்பாரும் உளர். அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. எந்தக் கோபுரமாயினும் ஆகுக. அதன் கீழே 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்கின்றது. பட்டா ஆயினும், பள்ளிச் சான்றிதழ் ஆயினும், ஒருவரைச் சிறையில் வைக்கும் ஆணை ஆயினும் அம்முத்திரையைத் தாங்கியே வருகின்றது. அவ்வாறு வரும் ஆணையைப் பார்த்து, "இதற்குக் காரணம் என்ன?" என்று ஒரு குடிமகன் கேட்கலாமா? கேட்டால் விடை கூறும் கடமை யாருக்கு உண்டு?

இவ்வினா ஏட்டில் மட்டும் எழும் வினா அன்று. இவ்விரு ஊர்களின் கடைத்தெருவில் நடந்து செல்பவர் தலைக்கு மேலே பார்த்தால், கடைதோறும் சிறிய கண்போன்ற ஒளிப்படக் கருவி பொருத்தப்பட்டிருப்பதைக் காண்பர். நாற்சந்திகளிலும் அது உண்டு. அவற்றைக் குறித்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போரைக் கேட்டால் கருத்துகள் பலவாறு வரும். "நகை பறித்தவனைப் பிடித்துக் கொடுத்தது அதுதானே? இருக்கட்டும்" என்பார் ஒருவர். "குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்பார் மற்றொருவர். மூன்றாமவர் தம் கையில் உள்ள கைப்பேசியைக் காட்டி, "தெருவிலே இருப்பது ஒரு கண், இதிலே இருப்பது ஆயிரம் கண். இதையே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம், அதற்கென்ன சொல்கிறீர்?" என்று நகைப்பார். நான்காமவர் ஒருவர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார், எழுந்து போகும்போது, "பார்க்கிறவனை யார் பார்க்கிறது?" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவார்.

இவர்களுள் எவர் கூற்றும் பொய்யன்று. திருட்டு அஞ்சத்தக்கது, காவல் வேண்டுவதே. ஆனால் நான்காமவரின் கேள்வி மிகப் பழைய கேள்வி. நாடு குடியரசான முதல் ஆண்டிலேயே அது உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் போய் நின்றது. அப்போது அக்கேள்விக்கு விடை கூறவேண்டியிருந்த அரசின் தலைவர் இந்த இராசபாளையத்தைச் சேர்ந்தவர்.

அவர் பூ. ச. குமாரசுவாமி ராஜா. 1898ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் இராசபாளையத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் நெறியில் நின்று விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். எளிமைக்கும் கதருக்கும் பெயர் பெற்றவர். தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்தவர். 1949ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அவர் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானபோது, சென்னை இராச்சியத்தின் முதல் முதலமைச்சர் என்ற பெயர் அவருக்கு வாய்த்தது. அந்நாளைய சென்னை இராச்சியம் இன்றைய தமிழ்நாடு போன்றதன்று. ஆந்திரக் கரையும், மலையாள நாட்டின் மலபாரும், தென் கன்னடமும் அதனுள் அடங்கியிருந்தன.

காலமோ கொந்தளிப்பான காலம். நாட்டுப் பிரிவினையின் குருதி இன்னும் காயவில்லை. அடுத்திருந்த தெலங்கானாவில் உழவர்கள் ஆயுதம் ஏந்தியிருந்தனர். பொதுவுடைமைக் கட்சியினர் புதிய அரசை ஒப்புக்கொள்ளவில்லை. அமைதியைக் காப்பதே தலையாய கடமை என்று சென்னை அரசு கருதியது. அவ்வாறு கருதியதில் வியப்பொன்றும் இல்லை. எனவே கடுமையான சட்டங்கள் கையாளப்பட்டன. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது ஒன்று. குற்றம் செய்யக்கூடும் என்று ஐயுற்று, விசாரணை இன்றியே ஒருவரை அடைத்து வைப்பது மற்றொன்று. பின்னதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர். 1919ஆம் ஆண்டில் வெள்ளையர் ரௌலட் சட்டத்தின் வழியாக இத்தகைய அதிகாரத்தை எடுத்துக்கொண்டபோதுதான் நாடு முழுவதும் கொதித்தெழுந்தது. அதனை எதிர்த்து எழுந்த தலைமுறையினரே இப்போது ஆட்சியில் இருந்தனர். அதே வகையான கருவி அவர்கள் கையில் இருந்தது. 1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் உயிரிழந்தனர். விடுதலை பெற்ற நாட்டின் சிறையில் இது நிகழ்ந்தது என்பதை அக்காலத்தார் பலரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அவ்வாண்டின் மார்ச்சுத் திங்களில் மட்டும் சென்னை அரசு பிறப்பித்த ஆணைகளுள் மூன்று, இந்தியச் சட்ட வரலாற்றில் நீங்கா இடம் பெற்றுவிட்டன. மூன்று ஆணைகளும் வெவ்வேறு மனிதரைப் பற்றியன. மூன்றிலும் எழுந்த கேள்வி ஒன்றே.

முதலாவது, மலபாரைச் சேர்ந்த ஏ. கே. கோபாலனைப் பற்றியது. பொதுவுடைமைத் தலைவரான அவர் 1947 டிசம்பர் முதலே சிறையில் இருந்தார். அவர் மீது விதிக்கப்பட்ட தண்டனைகள் நீக்கப்பட்ட பின்னரும் வெளியே வர இயலவில்லை. 1950 மார்ச்சு 1ஆம் நாள், அப்போதுதான் நாடாளுமன்றம் இயற்றியிருந்த தடுப்புக் காவல் சட்டத்தின்படி புதிய ஆணை ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் சிறையிலிருந்தே உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதில் எழுதப்பட்ட உரிமைகள் மெய்தானா, அழகுக்காக எழுதப்பட்டவையா என்று உரசிப் பார்க்கும் முதற்கல்லாக அவ்வழக்கு அமைந்தது.

ஆறு நீதிபதிகள் அதனைக் கேட்டனர். 1950 மே 19இல் தீர்ப்பு வந்தது. நால்வர், சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டம் ஒருவரது விடுதலையைப் பறிக்குமாயின் அச்சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராய இயலாது என்ற கருத்தினராக இருந்தனர். ஃபசல் அலியும், மகாஜனும் மாறுபட்டனர். கோபாலனின் மனு தள்ளுபடி ஆயிற்று. இதுவரை கேட்பவர், அரசு வென்றது, குடிமகன் தோற்றான் என்றே எண்ணுவர்.

ஆனால் அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. காவலில் வைக்கப்பட்டவருக்கு, 'இன்ன காரணத்தால் உன்னை அடைத்தோம்' என்று அரசு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும். அக்காரணங்களை அவர் நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது. நீதிமன்றமும் அவற்றைக் கேட்கக் கூடாது. மீறி வெளியிடுவோர்க்குத் தண்டனை உண்டு. இதுவே அப்பிரிவின் சாரம். இதன் விந்தையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். தவறாக அடைக்கப்பட்டிருக்கிறேன் என்று ஒருவர் முறையிடுகிறார். எக்காரணத்தால் அடைத்தனர் என்று நீதிபதி கேட்கிறார். காரணம் எழுதிய தாள் அவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் காட்டினால் குற்றம். கதவைத் திறந்து வைத்து, வாயிற்படியில் சுவர் எழுப்பியது போன்ற ஏற்பாடு அது.

மற்றெல்லாவற்றிலும் பிரிந்து நின்ற ஆறு நீதிபதிகளும் இப்பிரிவு செல்லாது என்பதில் ஒன்றுபட்டனர். காவலில் வைக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும். அதன் காரணத்தை நீதிமன்றத்தின் கண்ணுக்கும் மறைக்கும் அதிகாரம் இல்லை என்று ஆயிற்று. குடியரசின் உச்ச நீதிமன்றம் தொடக்க காலத்திலேயே வெட்டி எறிந்த பிரிவுகளுள் இது ஒன்று. கோபாலன் தோற்ற வழக்கிலே, அவருக்குப் பின் வருவோர் அனைவருக்கும் கிடைத்த பேறு இது.

இரண்டாவது ஆணை ஓர் ஏட்டைப் பற்றியது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் என்பார் 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் ஆங்கில வார ஏட்டை நடத்தி வந்தார். அது அரசுகளைக் கடிந்து எழுதும் ஏடு. அதே மார்ச்சு 1ஆம் நாளில், 1949ஆம் ஆண்டின் சென்னைப் பொது அமைதிக் காப்புச் சட்டத்தின்படி, அவ்வேடு சென்னை இராச்சியத்துள் நுழைவதும் பரவுவதும் தடுக்கப்பட்டன. அச்சிடுவதைத் தடுக்கவில்லையே, இங்கே வரக்கூடாது என்றுதானே சொன்னோம் என்பது அரசின் நிலை. கோபாலன் தீர்ப்புக்குச் சரியாக ஏழு நாள் கழித்து, மே 26இல் இவ்வழக்கின் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய பதஞ்சலி சாஸ்திரி. பரவ இயலாத கருத்து வெளியிடப்பட்ட கருத்து ஆகாது. எனவே ஏட்டைப் பரவவிடாமல் தடுப்பது பேச்சுரிமையையே தடுப்பதாகும் என்பது அவர் காட்டிய நெறி. நாட்டின் அரணையே குலைக்கும் செயல் வேறு, ஊரில் அமைதி குறைவது வேறு. பின்னதைக் காரணம் காட்டி வாயை அடைக்க அன்றைய அரசியலமைப்பு இடம் தரவில்லை என்றும் அவர் விளக்கினார். ஃபசல் அலி இங்கும் தனித்து நின்றார்; இம்முறை அரசின் பக்கம். கோபாலனுக்காக வாதிட்ட அதே நீதிபதி தாப்பருக்கு எதிராக எழுதினார் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆள் முகம் பாராமல் அவரவர் அறிவுக்கு எட்டியதை எழுதினர் என்பதற்கு அதுவே சான்று. தடை நீங்கியது.

மூன்றாவது வழக்கு சென்னை நகரைச் சேர்ந்தது. மக்கள் கல்விக் கழகம் என்னும் சங்கத்தின் செயலாளராக வி. ஜி. ராவ் என்னும் வழக்கறிஞர் இருந்தார். மார்ச்சு 10ஆம் நாள் அச்சங்கம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அரசு அறிவித்தது. அறிவிப்பை அரசிதழில் வெளியிட்டால் போதும். சங்கத்தார் கையில் கொடுக்க வேண்டியதில்லை. சங்கத்தார் தம் தரப்பைச் சொன்னால் அதைக் கேட்பது நீதிமன்றம் அன்று. அரசு அமைக்கும் ஆலோசனைக் குழு. நாள்தோறும் அரசிதழைப் படிப்போர் எத்துணைப் பேர்? தாம் குற்றவாளியானதையே அறியாமல் ஒருவர் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 1950 செப்டம்பரில் அவ்வாணையைச் செல்லாது என்றனர். அரசு மேல்முறையீடு செய்தது. அப்போது தலைமை நீதிபதியாகிவிட்ட பதஞ்சலி சாஸ்திரி, 1952 மார்ச்சு 31ஆம் நாள் உயர் நீதிமன்றம் சொன்னதே சரி என்று தீர்ப்பளித்தார். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது, எவ்வுரிமை பறிபோகின்றது, எத்தீமையைத் தடுக்க விரும்புகின்றனர், அத்தீமைக்கு அம்மருந்து அளவானதா, காலச் சூழ்நிலை யாது என்று எல்லாம் சேர்த்து எடைபோட வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. எலியைக் கொல்ல வீட்டைக் கொளுத்தலாகாது என்று நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

அரசுகள் இத்தீர்ப்புகளைக் கேட்டு வாளா இருக்கவில்லை. 1951 ஜூனில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 'பொது அமைதி' என்பதும் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணமாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதனோடு 'நியாயமான' என்ற ஒரு சொல்லும் உள்ளே நுழைந்தது. அச்சிறு சொல்லே பின்னாளில் பல தடைகளை வீழ்த்தும் நெம்புகோலாக அமைந்தது.

குமாரசுவாமி ராஜாவின் கதை எவ்வாறு முடிந்தது? வாக்குரிமை வயது வந்தோர் அனைவருக்கும் கிடைத்த முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. அத்தேர்தலில் முதலமைச்சரும், அவர் அமைச்சரவையைச் சேர்ந்த பலரும் தோல்வியுற்றனர். தோல்விக்குக் காரணங்கள் பல. உணவுப் பஞ்சமும் அவற்றுள் ஒன்று. நீதிமன்ற வழக்குகளை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. குறிக்கத்தக்கது வேறு. தீர்ப்பு எதிராக வந்தபோது அவர் அரசு அதற்குப் பணிந்தது. மக்கள் வேண்டா என்றபோது அவரும் அவ்வாறே பணிந்தார், வி. ஜி. ராவ் வழக்கின் தீர்ப்பு வந்த பத்தாம் நாள், 1952 ஏப்பிரல் 10இல், பதவியை விட்டு இறங்கினார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றி, 1957இல் மறைந்தார். அவர் அரசு சிறையில் வைத்திருந்த கோபாலனோ, அதே தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தின் முதல் மக்களவையில் போய் அமர்ந்தார். தீயவர் ஒருவர் தீமை செய்ததாக இக்கதை இருந்திருந்தால் சொல்வதற்கு எளிதாக இருக்கும். நல்லவர் கையிலும் கேள்விக்கு உட்படாத அதிகாரம் எவ்வாறு நீளும் என்பதையே இக்கதை காட்டுகின்றது.

அதிகாரத்தைக் கணக்குக் கேட்பது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று எண்ணுவார் உளர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூருக்குச் சென்றால் அவ்வெண்ணம் நீங்கும். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூர்க் கோயிற் சுவரில் உள்ளன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. யார் யார் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்ற பட்டியலும் உண்டு. அதில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை. அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. நிலமும் வீடும் உடைய ஒரு சாராருக்கே அந்த அவையில் இடம் இருந்தது. பெண்களுக்கும் உழைப்பாளருக்கும் அங்கே குரல் இல்லை. அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவன் கையில் மீண்டும் ஊர்ப் பொறுப்பைத் தரலாகாது என்ற தெளிவு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதப்பட்டிருக்கின்றது. இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் அதற்கும் முன்னரே கூறிவிட்டார்.

இனித் தேநீர்க் கடைக்குத் திரும்பலாம். மூன்றாமவர் காட்டிய கைப்பேசி 1950இல் இல்லாத ஒரு புதுமையை உடையது. அந்நாளில் ஒருவரைப் பற்றி அறிய அரசு ஓர் ஒற்றனை அனுப்ப வேண்டும், அவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அவனும் உறங்குவான். இன்று ஒருவர் எங்கே செல்கிறார், எவரோடு பேசுகிறார், எப்பொருளை விரும்பித் தேடுகிறார், எந்நேரத்தில் விழிக்கிறார் என்பவற்றை எல்லாம் கைப்பேசி குறித்துக்கொண்டே இருக்கின்றது. அக்குறிப்புகள் சென்று சேர்வது அரசிடம் அன்று. கடல் கடந்த பெருநிறுவனங்களின் கணிப்பொறிகளிடம். காசு வாங்காமல் கடிதமும், வரைபடமும், படக்காட்சியும் தரும் நிறுவனம் எவ்வாறு பிழைக்கின்றது? விளம்பரத்தால் பிழைக்கின்றது. யாருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டினால் பயன் என்று அறிய அதற்குச் செய்தி வேண்டும். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்காரர் நாள்தோறும் வருபவரின் விருப்பத்தை நினைவில் வைத்திருப்பதும் ஒருவகையில் இதுவே. ஆனால் அவர் அந்நினைவை வேறொருவருக்கு விற்பதில்லை; வாங்குபவரும் அவர் முகத்தை அறிவார்; மனம் ஒப்பாவிடில் எதிர்க் கடைக்குப் போகலாம்.

இவ்வேற்றுமை எத்துணைப் பெரிது என்பது 2018இல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் ஆங்கில நாட்டு நிறுவனத்துக்கு, ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவோரில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை உள்ளவர்களின் செய்திகள், அவர்கள் அறியாமலே சென்று சேர்ந்திருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. தேர்தல் பரப்புரைக்காக அவை திரட்டப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில் அதன் தலைவர் மார்க் சக்கர்பர்க் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் அமர்ந்து விடை கூறினார். அடுத்த ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையம் 500 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதே 2018இன் டிசம்பர் 11ஆம் நாள், மதுரையில் பிறந்து கூகுள் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த சுந்தர் பிச்சையும் அத்தகைய குழு ஒன்றின் முன் அமர்ந்து, கைப்பேசி தன் உரிமையாளரின் நடமாட்டத்தைக் குறித்துக்கொள்கிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை கூறினார். கேட்டவர்களுள் சிலர் கருவியின் இயல்பையே அறியாதவராகக் காணப்பட்டனர் என்று பின்னர் நகைத்தோர் உண்டு. நகைக்கலாம், கேட்கும் உரிமை கேட்பவனின் தொழில்நுட்ப அறிவைப் பொறுத்தது அன்று. வண்டி ஓட்டத் தெரியாதவனும் வண்டி தன்மேல் ஏறினால் கேட்கலாம் அன்றோ? இந்தியாவிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், கைப்பேசிச் சந்தையில் தன் வலிமையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகக் கூகுள் நிறுவனத்துக்கு 1,337 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது.

அரசு திரட்டும் செய்திகளைக் குறித்த கேள்வியும் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஆதார் அட்டைக்காக மக்களின் விரல் ரேகையும் கண்மணிப் பதிவும் திரட்டப்பட்டதை எதிர்த்து, ஓய்வு பெற்ற கருநாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்த முதியவர். தன் வாழ்வின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது அடிப்படை உரிமையா என்ற கேள்வியை ஒன்பது நீதிபதிகள் ஆராய்ந்து, 2017 ஆகஸ்டு 24இல் 'ஆம்' என்று ஒருமுகமாக விடை கூறினர். அரசு அதனுள் தலையிடலாம். ஆனால் அதற்குச் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவும் வேண்டும் என்றனர். 1950இல் கோபாலனுக்கு எதிராக நால்வர் கொண்ட கருத்தை உச்ச நீதிமன்றம் 1970இலும் 1978இலும் கைவிட்டிருந்தது. ஃபசல் அலி தனித்து எழுதியதன் பக்கமே சட்டம் அறுபத்தேழு ஆண்டுகளில் வந்து சேர்ந்ததை இத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டில் ஆதார் திட்டம் பெரும்பாலும் செல்லும் என்றும், தனியார் நிறுவனங்கள் அதனை வற்புறுத்திக் கேட்க இடமளித்த பகுதி செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று.

14ஆம் பிரிவின் நிழலும் மீண்டும் ஒருமுறை தோன்றியது. 2019 ஆகஸ்டில் காசுமீரத்தில் இணையமும் தொலைபேசியும் நிறுத்தப்பட்டன. ஏடு நடத்த முடியவில்லை என்று அனுராதா பாசின் என்னும் இதழாசிரியர் வழக்குத் தொடுத்தார். தடை விதித்த ஆணைகள் முதலில் நீதிமன்றத்தில் முழுமையாக வைக்கப்படவில்லை. 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் வெளியிடப்படவேண்டும். வெளியிட்டால்தானே பாதிக்கப்பட்டவர் எதிர்த்து வழக்காட முடியும் என்று கூறியது. இணையத்தைக் கால வரையறையின்றி நிறுத்தி வைப்பதும் ஆகாது என்றது. ஆயினும் அன்றே இணையத்தைத் திறந்துவிடும்படி அது ஆணையிடவில்லை. அதனைக் குறையாகக் கூறுவோர் பலர்.

2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் மின்வழித் தனிநபர் தரவுக் காப்புச் சட்டத்தை இயற்றியது. ஒருவரைப் பற்றிய செய்தியைத் திரட்டும் நிறுவனம் அவர் ஒப்புதலைப் பெறவேண்டும், தவறினால் பெருந்தண்டம் செலுத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். நாட்டுக் காவலின் பொருட்டு அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் அது இடம் தருகின்றது. தனிநபர் செய்தி என்ற காரணத்தைக் காட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் ஒரு பகுதியையும் அது மாற்றி எழுதியது. எளியவனின் அந்தரங்கத்தைக் காக்க எழுப்பிய திரை, அதிகாரியின் கணக்கையும் மறைத்துவிடுமோ என்ற அச்சம் இதனால் எழுந்துள்ளது. இவ்விரு உரிமைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம் இதுவே. நாடு இன்னும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. "குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்ற தேநீர்க் கடைக் கேள்வியை அங்கே அதிகாரத்தில் உள்ளவரை நோக்கித் திருப்பிக் கேட்போரும் உண்டு.

தகவல் பெறும் உரிமையை இந்தியாவிலேயே முதலில் சட்டமாக்கியது தமிழ்நாடு. அது 1997இல் நிகழ்ந்தது. அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி; கேட்டது கிடைப்பது அரிது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த சட்டமே வலிமை உடையதாக அமைந்தது. அதன்படி இராசபாளையம் நகராட்சியிலோ, திருவில்லிபுத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்திலோ, தெருவில் எத்தனைக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன, அவற்றுக்கு எவ்வளவு செலவாயிற்று, அவை பிடித்த படங்களை எத்தனை நாள் வைத்திருப்பர் என்பனவற்றை எவரும் எழுதிக் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தினால் போதும். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கும் உரிமை அலுவலர்க்கு இல்லை. முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும். ஒருவரது உயிரையோ விடுதலையையோ பற்றிய கேள்வியாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தரவேண்டும். விடை வராவிடில் மேல் அலுவலரிடமும், அதன்பின் சென்னையில் உள்ள தகவல் ஆணையத்திடமும் முறையிடலாம். அரசுத் துறையிலிருந்து வரும் விடைக் கடிதத்தின் தலைப்பில் கோபுரமும், அதன் கீழே அந்த இரண்டு சொற்களும் இருக்கும்.